அண்ணிக்கு வைத்த வெளிச்சம்

மாமியாரைப் பேய் என்று மனத்துக்குள்ளாவது சொல்லாத மருமகன் கிடையாது. சொல்லிவிட்டு ஆதாரமும் காட்டக்கூடிய மருமகன் சாயம் ஒருவர்தான். அவருடைய மாமியார் இளமையில் பதினொரு திகில் படங்களில் நடித்தவர். பதினொன்றிலும் பேய். சிலவற்றில் முதலில் வேலைக்காரியாக வந்து, இடைவேளைக்குள் செத்து, அப்புறம் பேய். எண்ணிப் பார்த்தால் பதினொரு படங்களில் பதினான்கு முறை செத்திருக்கிறார். ஒரு படத்தில் பேயான பிறகும் விடாமல் இரண்டு முறை கொன்றார்கள்.

சாயம் என்பது வேலை இடத்தில் விழுந்த பெயர். பழைய படச்சுருள்களைத் துடைத்து, கீறல் எடுத்து, புதிதுபோல ஆக்கித் தரும் கம்பெனியில் வண்ணம் சரிபார்ப்பது அவர் தொழில். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. ஒரு நடிகையின் கன்னத்தில் சிவப்பு அரை இழை கூடியிருந்தால் கண்டுபிடித்துவிடுவார். காலையில் ஒரு காலில் நீலமும் மறுகாலில் கருப்புமாகக் காலுறை மாட்டிக்கொண்டு கிளம்புவதும் அவரேதான். வாசலில் நிறுத்திக் கழற்ற வைப்பது அவர் மனைவியின் அன்றாட வேலை.

மாமியார் பேயானதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. அவர் கருப்பு. கதாநாயகிகள் வெளுப்பு. கதாநாயகிக்குப் பேய் பிடிக்கிற கட்டம் வந்தால், அவள் உடையை மாமியாருக்கு மாட்டி, தலைமுடியைக் கலைத்துவிட்டு, அவரை அந்த இடத்தில் நிற்க வைப்பார்கள். நல்லவளாக இருக்கும்வரை ஒரு முகம். கெட்டுப்போனதும் இன்னொரு முகம். பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

அவர் மட்டும் இல்லை. அந்தக் காலத்துத் திகில் படங்களுக்கென்று ஒரு கூட்டம் இருந்தது. பிசாசாக வருகிற மூன்றடி மனிதர், மந்திரவாதியாக வருகிற மாறுகண்காரர், கல்லறை தோண்டுபவராக வருகிற உதடு பிளந்தவர், எங்கிருந்தோ வந்து இந்த ஊர்ப் பேச்சு இன்னும் நாக்கில் படியாததால் சாபம் கொடுப்பவராகவே காலம் தள்ளியவர். மதியச் சாப்பாட்டுக்கு இவர்களைத் தனியாக, சாமான் அறைக்குப் பின்னால் உட்கார வைப்பார்கள். படப்பிடிப்பில் அதற்குப் பேர் பேய்ப் பந்தி. மாமியார் அதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பார். பந்தியிலேயே அழகன் அந்த மூன்றடி மனிதர்தான் என்றும், அவருக்குத் தன்மேல் ஒரு கண் இருந்தது என்றும், மாறுகண்காரருக்கும் இருந்திருக்கலாம், அது எந்தப் பக்கம் என்று கடைசிவரை தெரியவில்லை என்றும் சொல்லியிருக்கிறார்.

ஒன்றைப் பற்றி மட்டும் சிரிக்க மாட்டார். அது அவருடைய ஏழாவது படம். அதில் அவருக்கு ஒரு காட்சி கொடுத்திருந்தார்கள். முதலாளி செய்த கொலையைப் பார்த்துவிட்ட வேலைக்காரி. அவளைச் சாமான் அறைக்குள் தள்ளி வெளியே செங்கல் அடுக்குகிறார்கள். சுவர் உயர உயர, அவள் முகத்தை மட்டும் கேமரா மூன்று நிமிடம் விடாமல் பார்க்கிறது. வசனம் கிடையாது. முதலில் கெஞ்ச வேண்டும், பிறகு நம்ப முடியாமல் பார்க்க வேண்டும், கடைசிச் செங்கல் விழும்போது அந்த முகம் பேயின் முகமாக மாறியிருக்க வேண்டும். இரண்டு நாள் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொண்டு போனார். எடுத்து முடித்ததும் இயக்குநர் அவரைப் பார்த்துத் தலையாட்டினாராம். அந்த ஒரு தலையாட்டலை நம்பி, இரண்டு வயது மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு முதல் நாள் முதல் காட்சிக்குப் போனார்.

திரையில் முகம் இல்லை. செங்கல் தெரிந்தது, கதவு தெரிந்தது, பின்னால் தொங்கிய கயிறுகூடத் தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கருப்பாக ஒரு குழி. குழிக்குள் இரண்டு வெள்ளைக் கண். வாய் திறந்தபோது பல். முன்வரிசையில் சிலர் அலறினார்கள். பின்வரிசையில் யாரோ விளக்கைப் போடச் சொல்லிக் கத்த, கொட்டகையே சிரித்தது.

அதற்குப் பிறகும் நான்கு படம் நடித்தார். அடுப்பு எரிய வேண்டுமே. எதையும் போய்ப் பார்க்கவில்லை. புகைப்படம் எடுத்துக்கொள்வதையும் விட்டுவிட்டார். சாயத்தின் கல்யாணத்தில் எல்லோரும் வரிசையாக நின்றபோது மணப்பெண்ணின் அம்மா படம் பிடிப்பவனின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். யாரோ கையைப் பிடித்து இழுத்ததற்கு, “எனக்குப் படத்துல முகம் விழாது. ஏன் வீணா?” என்றார். ஏதோ பரம்பரை வியாதியைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

நிஜமான வியாதி அறுபத்தெட்டாம் வயதில் வந்தது. கண்ணின் நடுப்பார்வை அரித்துக்கொண்டு போகிற நோய். வலது கண் ஏற்கெனவே போய்விட்டது. இடது கண்ணில் ஓரம் நிற்கும், நடு போய்விடும், மூன்று மாதம் தாங்கினால் பெரிது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் இப்போதெல்லாம் அவர்கள் காதையோ தோளையோ பார்த்தால்தான் முகம் கொஞ்சம் பிடிபட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் அவர் கோபமாக இருக்கிறார் என்று நினைத்துச் சீக்கிரம் கிளம்பினார்கள். ஏற்கெனவே மாமியார், அதிலும் மாஜிப் பேய், இப்போது ஓரக்கண் பார்வை வேறு. சாயம் இதை நகைச்சுவையாகத்தான் மனைவியிடம் சொன்னார். அவள் அன்று அவருக்கு இரண்டு காலிலும் வேறு வேறு காலுறையோடு வேலைக்குப் போக அனுமதி கொடுத்தாள்.

அந்த மூன்று மாதத்தில் முதல் மாதம் முடியும்போதுதான் கம்பெனிக்கு அந்த ஏழாவது படம் வந்து சேர்ந்தது.

திகில் ரசிகர்கள் அதை மறக்கவே இல்லை. இருட்டுக்குள் இரண்டு கண் தெரிகிற அந்தக் காட்சியைச் சட்டையில் அச்சடித்து விற்கிறார்கள். அது யாருடைய கண் என்று சட்டையில் போடவில்லை. படத்தின் பெயர் வரிசையிலும் ‘வேலைக்காரி மற்றும் பேய்’ என்பதற்கு எதிரே ஒரு கோடுதான் இருந்தது. சுத்தப்படுத்திப் புதிதாக வெளியிட, கேமராவுக்குள் ஓடிய மூல நெகடிவே கிடைத்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கக் கொட்டகையில் ஓட்டிய பழைய பிரதி ஒன்றும் கூட வந்தது.

நான்காவது சுருளை ஓட்டியபோது சாயம் முதலில் பார்த்தது அண்ணியை. அந்தக் காலத்து ஒவ்வொரு சுருளின் தலையிலும் ஒரு பெண்ணின் முகம் சில பிரேம்கள் மட்டும் ஒட்டியிருக்கும். வெள்ளை வெளேரென்று ஒருத்தி, கையில் நிறக்கட்டங்கள் போட்ட அட்டை. படத்தில் நடித்தவள் அல்ல, படம் பார்க்கிறவர்கள் கண்ணில் படவே மாட்டாள். பிரதி எடுக்கும் கூடத்துக்காரர்கள் அவள் கன்னம் சரியாக வரும்வரை விளக்கைக் கூட்டிக் குறைப்பார்கள். அவளுக்குச் சரியானால் சுருள் முழுவதற்கும் சரி. தினமும் பார்த்துப் பயந்த முகம் என்பதால் தொழிலில் அவளை அண்ணி என்பார்கள். அண்ணி முகம் சுருங்கினால் கூடமே வியர்க்கும் என்று சாயமே இருபது வருடமாகச் சிரித்திருக்கிறார்.

அன்று சிரிப்பு வரவில்லை. பழைய பிரதியில் சாமான் அறைக் காட்சி அப்படியே இருந்தது: செங்கல், கயிறு, குழி, இரண்டு கண். நெகடிவை எடுத்து, அண்ணியை மறந்துவிட்டு, வெளிச்சத்தைக் கூட்டுகிற குமிழைக் கையால் மெல்ல உருட்டிப் பார்த்தார். குழிக்குள் ஏதோ அசைந்தது. ஒரு தாடை. இன்னும் கொஞ்சம் உருட்டினார். கன்ன எலும்பில் ஈரம்.

முகம் அங்கேதான் இருந்தது. நாற்பத்திரண்டு வருடமாக நெகடிவுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தது. யாரும் அதற்கு வெளிச்சம் வைக்கவில்லை. எல்லா வெளிச்சத்தையும் அண்ணிக்கு வைத்திருந்தார்கள்.

வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னார். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பழைய புண்ணை ஏன் கிளற வேண்டும், அம்மா மறந்துவிட்டாள் என்றாள். பிறகு அவளே, மறந்திருந்தால் என் கல்யாணப் படத்தில் இருந்திருப்பாளே என்றும் சொன்னாள். கடைசியில், கண்ணு போறதுக்குள்ளே காட்டிடுங்க என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நினைத்தது போல இலகுவாக இல்லை. முகத்துக்கு வெளிச்சம் ஏற்றினால் சுவர் வெளுத்தது. சுவரை அடக்கினால் கண்ணீர் காணாமல் போனது. நிழலுக்குள் எறும்பு ஊர்வது போலப் புள்ளிகள் மேய்ந்தன. ஒவ்வொரு பிரேமிலும் முகத்தைச் சுற்றிக் கோடு வரைந்து, முகத்தை மட்டும் தனியே தூக்க வேண்டியிருந்தது. மூன்று நிமிடம் என்பது நாலாயிரத்துச் சொச்சம் பிரேம். கம்பெனி நேரத்தில் செய்யக்கூடாது என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்தார். டப்பாவை இடது கையில் வைத்துக்கொண்டு வலது கையால் குமிழை உருட்டி, இரண்டு முறை குழம்பைக் குமிழ்மேல் சிந்தி, பதினொரு நாளில் முடித்தார். இடையில் ஒருநாள், முழுவதும் தப்பு என்று தெரிந்து முதலிலிருந்து ஆரம்பித்தார். மாமியாரை நாள் முழுக்கப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போயும் மாமியாரையே பார்ப்பது எந்த மருமகனுக்கும் விதிக்கப்படாத தண்டனை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

படத்தை மேற்பார்வை பார்க்கும் மேடம் வயதில் அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு குறைவு, நல்ல மாதிரி. அவர் செய்ததை முழுவதும் பார்த்தார். அழகாக இருக்கிறது என்றார். ஆனால் வெளியே போகாது என்றும் சொன்னார். புதுப்பிக்கும் தொழிலில் விதி ஒன்றுதான்: அன்று கொட்டகையில் மக்கள் எதைப் பார்த்தார்களோ, அதுதான் படம். அதை மாற்ற நாம் யார்? இதே விதியைச் சாயமே எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்பதால் தலையாட்ட வேண்டியதாயிற்று. மேடம் இன்னொன்றும் சொன்னார்: முகம் தெரிந்தால் அவள் ஏன் பேயானாள் என்பது தெரிந்துவிடும்; காரணம் தெரிந்துவிட்டால் பயம் போய்விடும்.

வெளியே போகாவிட்டாலும் அத்தை பார்க்கத் தடை இல்லையே என்று, ஒரு மதியம் மாமியாரைக் கம்பெனிக்குக் கூட்டிவந்தார். பெரிய திரைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டார். மாமியார் அதைத் தானே இழுத்துக் கோணலாகத் திருப்பி உட்கார்ந்து, திரைக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தார். சாயம் விளக்கை அணைத்து ஓடவிட்டார்.

மூன்று நிமிடம் முடிந்தது. மாமியார் விரலைச் சுழற்றினார். சாயம் மறுபடி ஓட்டினார். மறுபடியும் விரல். மூன்றாவது தடவை பாதியில், “எங்கம்மா மூக்கு,” என்றார்.

முடிந்ததும் விளக்கைப் போட்டார் சாயம். மாமியார் இன்னும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கெஞ்சறது சரியா வந்திருக்கு,” என்றார், வேறு யாரோ செய்த வேலையைச் சொல்வது போல. “நடுவுல நம்ப முடியாம பார்க்கிறேனே, அது கொஞ்சம் அதிகம். கடைசி நல்லா இருக்கு. நான் சரியாத்தான் செஞ்சிருக்கேன், மாப்பிள்ளை.”

“ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க, அத்தை.”

“அப்ப முகம் விழுந்திருக்கு.”

“விழுந்திருக்கு.”

மாமியார் எழுந்து உடையை நீவிவிட்டுக்கொண்டார். இதுதானே வெளியே போகும் என்று கேட்டார். சாயத்துக்குப் பொய் வராது. வந்தாலும் காதுவரை சிவந்துவிடும். விதியைச் சொன்னார், மேடத்தைச் சொன்னார். மாமியார் அந்த மேடத்தைப் பார்க்க வேண்டும் என்றார்.

மேடம் அவரைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். எட்டு வயதில் சித்தப்பா வீட்டில் அந்தப் படத்தைப் பார்த்ததாகவும், பன்னிரண்டு வயதுவரை குளியலறைக்குத் தனியாகப் போனதில்லை என்றும், இந்த வேலைக்கு வந்ததே அந்த இரண்டு கண்ணால்தான் என்றும் மூச்சு விடாமல் சொன்னார். மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டார். மனதார மகிழ்ந்துதான் பேசினார், நடிப்பு இல்லை.

மாமியார் அவருடைய காதைப் பார்த்தபடி பொறுமையாகக் கேட்டார். பிறகு, “நீங்க பயந்தது என்னைப் பார்த்தாம்மா, இருட்டைப் பார்த்தா?” என்று விசாரித்தார்.

மேடம் நேர்மையான பெண். யோசித்துத்தான் சொன்னார்.

“தெரியலைங்க. எனக்கு அது ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு.”

சாயம் தரையைப் பார்த்தார். மேடத்துக்கும் சொன்ன பிறகுதான் காதில் விழுந்திருக்க வேண்டும், முகம் மாறிவிட்டது. அவசரமாகத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பிறகு தன்னால் ஆனது என்று ஒரு வழி சொன்னார். படம் விதிப்படியே இருக்கும். ஆனால் படம் முடிந்து, பெயர்களெல்லாம் ஓடி முடிந்த பிறகு, ‘கூடுதல் பகுதி’ என்று தனியாக அந்த மூன்று நிமிடத்தை முகத்தோடு சேர்க்கலாம். விருப்பமுள்ளவர்கள் பார்க்கலாம். அதில் அவர் பெயரையும் போடலாம்.

சாயம் மாமியாரை ஓரக்கண்ணால் பார்த்தார். இருபது வருடத்தில் இந்த அம்மாளிடம் உப்பு அதிகம் என்று சொல்லித் தப்பியவர் எவரும் இல்லை. குடிவந்த வீட்டின் உரிமையாளரையே கூரை ஒழுகுகிறது என்று மழையில் நிற்க வைத்துக் காட்டியவர். இப்போது வெடிக்கும் என்று காத்திருந்தார்.

“சரிங்கம்மா,” என்றார் மாமியார்.

அந்தக் குரலைச் சாயம் வீட்டில் கேட்டதே இல்லை. தணிந்து, குழைந்து, பாதி மூச்சில் கரைகிற குரல். படங்களில், பேயாவதற்கு முந்தைய காட்சிகளில் முதலாளிகளிடம் அவர் பேசிய குரல்.

“வேலைக்காரி பின்வாசல் வழியாத்தானேம்மா வரணும்,” என்று சிரித்துக்கொண்டே சேர்த்தார். மேடமும் சிரித்தார், நிம்மதியோடு.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். மூன்று நிறுத்தம் போனது. சாயம் தன் பங்குக்கு மேடத்தைக் கொஞ்சம் திட்டிப் பார்த்தார். மாமியார் அது அந்தப் பெண்ணின் தப்பில்லை என்று முடித்துவிட்டார். பிறகு, சாதாரணமாக, காய்கறி விலை கேட்பது போலக் கேட்டார்.

“அந்த முகத்தை வெளியே கொண்டுவர உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு, மாப்பிள்ளை?”

அந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எவ்வளவு நேரம் ஆனது என்று யார் கேட்டாலும் உண்மையைச் சொல்வதில்லை. கஷ்டப்பட்டேன் என்றால் வேலை தெரியாதவன் என்று பொருள். முதுகு ஒடிந்திருந்தாலும், சின்ன வேலைதான் சார், இப்படித் தட்டினேன், வந்துவிட்டது என்பார்கள். இருபது வருடத்தில் அது சாயத்தின் நாக்கில் ஊறிவிட்டிருந்தது. போதாததற்கு, கேட்டவர் அத்தை. தனக்காக மருமகன் சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு கிடந்தான் என்று தெரிந்தால் சங்கடப்படுவார்.

“ஒண்ணுமே இல்ல, அத்தை,” என்றார், கையை வீசி. “ரெண்டு நிமிஷ வேலை.”

மாமியார் தலையை ஆட்டினார். பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று ஆட்களை இறக்கி, ஏற்றி, கிளம்பியது.

“ரெண்டு நிமிஷம்,” என்றார்.

சாயத்துக்கு இன்னும் உறைக்கவில்லை. ஆமாம் ஆமாம் என்று பெருந்தன்மையாக வேறு சொல்லித் தொலைத்தார்.

“அன்னைக்குப் படப்பிடிப்புல அறுபது பேர் இருந்தாங்க, மாப்பிள்ளை.”

குரல் உயரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பித்தான் சொன்னார். அப்போதுதான் சாயத்துக்குத் தான் என்ன கொடுத்திருக்கிறோம் என்பது விளங்கியது. இத்தனை வருடம் அந்த அம்மாளுக்கு அது ஒரு விதி: சிலருக்கு முகம் விழும், சிலருக்கு விழாது. மழை மாதிரி, யாரையும் நோக முடியாது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அறுபது பேரை உட்கார வைத்துவிட்டார். இரண்டு நிமிடம் செலவழிக்காத அறுபது பேர். இனி அவர் கண் போன பிறகும் அவர்கள் அங்கேயே இருப்பார்கள்.

இல்லை அத்தை, பதினொரு நாள், ஒருநாள் முழுக்கத் தப்பாகப் போய் முதலிலிருந்து செய்தேன், அன்றைக்கு இந்தக் கருவியெல்லாம் கிடையாது என்று சொல்ல வாயைத் திறந்தார். இப்போது சொன்னால் ஆறுதலுக்குச் சொல்வதாகத்தான் கேட்கும். பதற்றத்தில் காது வேறு சிவந்து, உண்மையும் பொய்யாகத் தெரியும். அதைவிட மோசம், தொழில் தெரிந்தவர் என்ற முறையில் அவருக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது. பதினொரு நாள் ஆனது இன்றைக்கு. அன்றைக்கு, அந்தச் சாமான் அறையில், யாராவது எழுந்து போய் ஒரு விளக்கை அந்தப் பெண் பக்கம் திருப்பியிருந்தால் போதும். அது இரண்டு நிமிட வேலைதான்.

வாயை மூடிக்கொண்டார்.

அவர்கள் நிறுத்தம் வந்தது. சாயம் முதலில் இறங்கி, கீழே நின்று கையை நீட்டினார். மாமியார் கையைப் பிடிக்கவில்லை. கம்பியைப் பற்றி, காலால் படியைத் துழாவி, ஒவ்வொன்றாகத் தானே இறங்கினார். பின்னால் இருந்தவர்கள் அவசரப்பட்டார்கள். அவர் அவசரப்படவில்லை.